போர் நாவல்களின் மொழியையும் நடையையும் ஒப்பிடுவது எப்படி? யாங்கோன் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோனில் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, இரண்டு போர் நாவல்களின் மொழியையும் நடையையும் ஒப்பிட்டு எழுதும் பாடம் வருகிறது. கோவில் மண்டபத்து ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளுக்கும் இதே வேலையை நான் கொடுப்பதுண்டு. மோல்மேன், தட்டோன், பெகு பக்கத்திலிருந்தும் போனில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் வாக்கியத்தைப் பற்றிய கேள்வியையும் சயாம் (தாய்லாந்து) ரயில் பற்றிய கேள்வியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சயா (ஆசிரியரே), இரண்டு கதைகளையும் சுருக்கி எழுதி, எது பிடித்தது என்றும் எழுதிவிட்டேன். இது போதாதா?

போதாது. "போர் கொடுமையானது என்று இரண்டு ஆசிரியர்களும் சொல்கிறார்கள்" என்று எழுதினால் அது எல்லாப் போர் நாவலுக்கும் பொருந்தும். அதனாலேயே அந்த வரி எந்த நாவலைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான். கதை சொல்லும் குரல் போருக்கு எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கத்தில் நிற்கிறது? குதிரை மேல் இருந்து பார்க்கிறதா, பதுங்கு குழிக்குள் இருந்தா, கல் உடைக்கும் கூலியின் தோளுக்குப் பின்னால் இருந்தா? வாக்கியம் நீள்வதும் குறைவதும், யார் பெயரோடு வருகிறார்கள், யார் வெறும் எண்ணிக்கையாக வருகிறார்கள் என்பதும் அந்த இடத்தைப் பொறுத்தே அமைகிறது. கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருவதுதான்.

எந்த நாவல்களை எடுக்கலாம்?

கையில் கிடைப்பதை எடுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும்: ஒரே போர், அல்லது ஒரே மாதிரிக் காட்சி, அல்லது ஒரே வகைக் குரல். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' முழுவதையும் எடுத்துக்கொண்டு தத்தளிக்க வேண்டாம். அதில் 1812 போரோடினோ சண்டை வரும் பகுதி மட்டுமே ஒரு கட்டுரைக்குத் தாராளம். ரெமார்க்கின் 'மேற்கு முன்னணியில் எல்லாம் அமைதி', ஹெமிங்வேயின் 'போரே நீ போ' இரண்டும் 1929இல் புத்தகமாக வந்தவை, இரண்டும் முதல் உலகப்போர், இரண்டிலும் 'நான்' பேசுகிறது. முதல் முறை எழுதுபவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் சொல்வேன்.

தமிழில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் எழுதிய 'சயாம் மரண ரயில்' (ஆர். சண்முகம்), 'நினைவுச் சின்னம்' (அ. ரெங்கசாமி) இருக்கின்றன. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' போர்க்கால பர்மாவை ஒரு குடும்பத்துக்குள்ளிருந்து பார்க்கிறது. நம் ஊரைப் பற்றியது என்பதால் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நடை என்றால் வாக்கியத்தில் எதைப் பார்ப்பது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

முதலில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ரெமார்க்கின் நாவல் 'நாங்கள்' என்று தொடங்குகிறது. முன்னணிக்குப் பின்னால் வந்து ஓய்வெடுக்கிற படைவீரர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டதில் சந்தோஷமாக இருக்கிறார்கள். நூற்றைம்பது பேருக்குச் சமைத்த உணவு. திரும்பி வந்தவர்கள் எண்பது பேர்தான். அதனால்தான் ஆளுக்கு இரண்டு பங்கு. இறந்தவர்களைப் பற்றி ஒரு புலம்பலும் இல்லை, சோற்றுக் கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கைப் படித்ததும் நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்த 'நாங்கள்' எங்கே உடைகிறது என்று தேடுங்கள். கதை சொல்லும் பால் ஒரு குண்டுக் குழியில் தனியாக மாட்டிக்கொள்கிறான். உள்ளே விழுந்த பிரெஞ்சு வீரனைக் குத்திவிடுகிறான். அந்த ஆள் சாக நேரம் எடுக்கிறது. பால் அவனுடைய பாக்கெட்டைத் திறந்து பெயரைப் பார்க்கிறான், அச்சுக்கூடத் தொழிலாளி என்று தெரிந்துகொள்கிறான். அந்த இடத்தில் 'நாங்கள்' போய்விட்டது, 'நான்' மட்டும் இருக்கிறது. எதிரியும் 'அவர்கள்' என்ற கூட்டத்திலிருந்து பிரிந்து 'நீ' ஆகிவிடுகிறான். கடைசிப் பத்தியில் இன்னொரு மாற்றம்: பால் இறந்த செய்தியை வேறு யாரோ 'அவன்' என்று சொல்கிறார்கள். 1918 அக்டோபரில், முன்னணியில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை என்று ராணுவ அறிக்கை எழுதிய ஒரு நாளில் அவன் விழுந்தான். நாங்கள், நான், அவன். இந்த மூன்று படியை மட்டும் பின்தொடர்ந்து எழுதினாலே பாதிக் கட்டுரை வந்துவிடும்.

இரண்டாவது, வாக்கியம் எப்படிக் கோக்கப்படுகிறது என்று பாருங்கள். ஹெமிங்வே ஒரு சின்ன வாக்கியத்தோடு இன்னொரு சின்ன வாக்கியத்தை இணைத்துக்கொண்டே போவார். காரணம் சொல்ல மாட்டார், உணர்ச்சிக்குப் பெயர் வைக்க மாட்டார். ஆறு, தூசி, இலை, நடந்து போகும் படை, இவைதான் வரிசையாக வரும். அந்த நாவலின் நாயகன் ஃபிரெடெரிக் ஹென்றி, இத்தாலிய ராணுவத்தில் ஆம்புலன்ஸ் வண்டிகளோடு இருப்பவன். புகழ், மானம், வீரம் போன்ற பெரிய சொற்களைக் கேட்கவே கூசுகிறது, ஊர்ப் பெயர்களுக்கும் சாலை எண்களுக்கும் தேதிகளுக்கும்தான் இன்னும் மரியாதை மிச்சம் இருக்கிறது என்று ஓரிடத்தில் நினைக்கிறான். அந்தப் பகுதியைக் கண்டிப்பாகப் படியுங்கள். ஆசிரியர் தன் நடைக்குத் தானே எழுதிய விளக்கம் போல இருக்கிறது அது.

டால்ஸ்டாய் இதற்கு நேர் எதிர். வாக்கியம் நீளும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ஒருவன் நினைத்தது, செய்தது, அதைப் பற்றி ஆசிரியர் நினைப்பது எல்லாம் இருக்கும். நாவலின் முதல் வரியே பிரெஞ்சு மொழியில்தான். ரஷ்யப் பிரபுக்கள் நெப்போலியனைத் திட்டுவதுகூட நெப்போலியனின் மொழியில். போர்க்களத்துக்கு வரும்போது அவர் வேறொன்று செய்கிறார். எதுவும் தெரியாத ஒருவனை உள்ளே விடுகிறார். போரோடினோவில் பியேர் சாதாரண உடையும் வெள்ளைத் தொப்பியுமாகப் பீரங்கிகளுக்கு நடுவில் நடக்கிறான். இன்னொரு சண்டையில் இளம் ரொஸ்தோவ், தன்னை நோக்கி ஓடி வரும் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, எல்லாருக்கும் பிடித்த என்னையா இவர்கள் கொல்ல வருகிறார்கள் என்று நினைக்கிறான். கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பணியாற்றியவர் டால்ஸ்டாய். போர் தெரியாதவனின் கண் வழியாகப் பார்ப்பதை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மூன்றாவது, வினைச்சொல்லைப் பாருங்கள். "பாலம் தகர்க்கப்பட்டது" என்பது அறிக்கையின் மொழி. தகர்த்தது யார் என்று அதில் இல்லை. "தகர்த்தோம்" என்றால் ஆள் வந்துவிடுகிறது. எந்த நாவல், எந்தக் கட்டத்தில், செய்தவனை மறைக்கிறது? கொல்லும்போதா, சாகும்போதா, பின்வாங்கும்போதா? பென்சிலை எடுத்து ஒரு பக்கத்தில் உள்ள வினைகளை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு நடையைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், அளவோடு. ஓசை, எதுகை மோனை, வட்டார வழக்கு, இவற்றை மொழிபெயர்ப்பை வைத்து மூல ஆசிரியர் மேல் ஏற்றாதீர்கள். யார் பேசுகிறார்கள், என்ன வரிசையில் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், காலம் இறந்தகாலமா நிகழ்காலமா என்பதெல்லாம் பெரும்பாலும் மொழி மாறினாலும் தங்கும். அதனால்தான் மேலே 'நாங்கள், நான், அவன்' என்று காட்டினேன். ஜெர்மன் தெரியாதவர்களும் அதைப் பார்க்க முடியும். யாருடைய மொழிபெயர்ப்பைப் படித்தீர்கள் என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

போரையே பார்க்காதவர் எழுதிய நாவல் மட்டம்தானே?

இல்லை. ஸ்டீபன் கிரேன் 1871இல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் 1895இல் அவர் எழுதிய 'வீரத்தின் சிவப்புச் சின்னம்' போர் நாவல்களில் ஒரு மைல்கல். எந்தச் சண்டை என்று பெயர் சொல்லாமல், நாயகனைப் பெரும்பாலும் 'இளைஞன்' என்றே அழைத்து, நிறங்களாலும் புகையாலும் சத்தங்களாலும் எழுதினார். சாதாரணப் படைவீரனுக்கு வரைபடம் தெரியாது என்பதால் அந்த மங்கல் பொருத்தமாக அமைந்துவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'பர்மிய யாழ்'. ஜப்பானிய எழுத்தாளர் தகேயாமா மிச்சியோ, போர் முடிந்த கையோடு 1947-48இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதியது. அதை எழுதும்வரை அவர் பர்மாவுக்கு வந்ததே இல்லை. மிசுஷிமா என்ற படைவீரன் யாழ் வாசிப்பவன். போருக்குப் பின் ஊர் திரும்பாமல், இறந்த ஜப்பானியர்களை அடக்கம் செய்வதற்காகத் துறவியாக இங்கேயே தங்கிவிடுகிறான். நம் பிள்ளைகள் படித்ததும் கேட்கும் முதல் கேள்வி, பொங்கி (புத்தத் துறவி) எப்படி வாத்தியம் வாசிப்பார் என்பதுதான். சரியான கேள்வி. தேரவாதத் துறவிக்கு ஆடலும் பாடலும் விலக்கு என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் தவறைச் சுட்டிக்காட்டியதோடு நிறுத்தாதீர்கள். கதையைச் சொல்வது மிசுஷிமாவின் தோழர்களின் 'நாங்கள்'. மிசுஷிமா தன் மனதைத் திறப்பது கடைசியில் வரும் நீண்ட கடிதத்தில் மட்டும்தான். மொழி மென்மையாக, பாட்டு நிறைந்ததாக இருக்கிறது. அப்படி ஒரு மென்மையில் இங்கிருந்த பர்மியருக்கும் இந்தியருக்கும் ஜப்பான் காலத்தில் (ஜப்பானிய ராணுவம் பர்மாவை ஆண்ட போர்க்காலத்தில்) என்ன நடந்தது என்பதற்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது? சொந்த வீரர்களுக்காக அழும் குரல் யாருக்காக அழவில்லை? நடையைப் பற்றிய கேள்வி இப்படித்தான் நியாயத்தைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

சயாம் ரயில் பற்றிப் பிரெஞ்சு நாவலும் இருக்கிறது, தமிழ் நாவலும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடலாமா?

தயவுசெய்து ஒப்பிடுங்கள். இந்த ஊரில் இருக்கும் தமிழ் மாணவருக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து நம் மோன் மாநிலத்துத் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் போட்டது. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. 1,80,000க்குக் குறையாது என்கிறார்கள், இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெரும் பங்கு. பர்மியர்களும் ஏராளம். இங்கே 'வியர்வைப் படை' என்ற பெயரில் திரட்டப்பட்டவர்கள் அவர்கள். தன்பியூசயாட் போர் மயானத்தில் கைதிகளின் கல்லறைகள் 3,000க்கு மேல், வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. தொழிலாளிகளில் பெரும்பாலோர் பாதையோரக் காட்டில் அடையாளமில்லாமல் கிடக்கிறார்கள்.

இப்போது நாவல்களுக்கு வருவோம். பியேர் பூல் 1952இல் எழுதிய 'குவாய் நதிப் பாலம்' பிரெஞ்சு மொழி நாவல். ஆசிரியர் மலாயாவில் ரப்பர் தோட்டப் பொறியாளராக வேலை பார்த்தவர், போரில் இந்தோசீனாவில் கைதியாக இருந்தவர். சயாம் ரயில் முகாமில் இருந்தவர் அல்ல. அவருடைய குரல் மேலிருந்து பார்க்கிறது. பாலம் கட்டும் கைதிகளின் தலைவரான ஆங்கிலேய அதிகாரி கர்னல் நிக்கல்சனின் பிடிவாதம், ஒழுங்கு, பாலத்தின் கட்டுமானக் கணக்கு, இவற்றை ஒரு பொறியாளரின் நிதானத்தோடும் கேலியோடும் சொல்கிறது. பாதை போட்ட ஆசியத் தொழிலாளிகள் அதில் கதைமாந்தர்களாக வருவதில்லை. மையக் கேள்வி ஒரு அதிகாரியின் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பது.

மலேசியத் தமிழ் நாவல்களில் அதே பாதை கீழேயிருந்து தெரிகிறது. 1993இல் வந்த 'சயாம் மரண ரயில்', 2005இல் வந்த 'நினைவுச் சின்னம்' இரண்டிலும் தோட்டத்திலிருந்து போன குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களுடைய பேச்சு, பசி, காய்ச்சல், காலரா. இங்கே பாலத்தின் நீளம் யாருக்கும் முக்கியமில்லை. இன்று கஞ்சி உண்டா, பக்கத்துப் பாயில் படுத்தவன் காலையில் எழுந்தானா என்பதுதான் கணக்கு.

ஒப்பிடும்போது இப்படி அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: ஒரே வேலை நாள் இரண்டு நாவலிலும் எப்படித் தொடங்குகிறது? கட்டளை யார் வாயிலிருந்து, எந்த மொழியில் வருகிறது? இறந்தவருக்குப் பெயர் இருக்கிறதா? மழை வந்தால் குரல் எதைப் பற்றிக் கவலைப்படுகிறது, பாலத்தையா உடம்பையா? பிரெஞ்சு நாவலை மட்டமாக்கி எழுத வேண்டாம். அதன் கேலி கூர்மையானது, அமைப்பு இறுக்கமானது. தமிழ் நாவல்களில் செய்தியைச் சொல்லிவிடும் அவசரம் சில இடங்களில் கதையை முந்திவிடுவதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அதையும் நேர்மையாக எழுதுங்கள். ஆனால் அந்தத் தோட்டத்துப் பேச்சு அச்சில் ஏறாமல் போயிருந்தால், அந்த மனிதர்கள் உலகத்தின் வாசிப்பில் இல்லாமலே போயிருப்பார்கள். அதைச் சொல்லவும் தயங்காதீர்கள்.

மோல்மேன் பிள்ளைகள், முடிந்தால், போய்வரப் பாதுகாப்பு இருந்தால், ஒரு தடவை தன்பியூசயாட்டைப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

'புயலிலே ஒரு தோணி' புரியவே இல்லை. விட்டுவிடட்டுமா?

விடாதீர்கள். முதல் இருபது பக்கம் எல்லாரையும்தான் தள்ளும். சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் சுமத்ராவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர். நாவலை எழுதிப் பல வருடம் கழித்து 1972இல்தான் புத்தகமாக வந்தது. அவருடைய நாயகன் பாண்டியன் மெடான், பினாங்கு என்று அலைகிறான், நேதாஜியின் படையில் சேர்கிறான், கடைசியில் இந்தோனேசிய விடுதலைச் சண்டை வரை போகிறான்.

புரியாததற்குக் காரணம் மொழிதான், அதுவேதான் அந்த நாவலின் பெருமையும். ஒரே பக்கத்தில் மலாய், டச்சு, சீனப் பெயர்கள் வரும். செட்டியார் கடையின் வரவு செலவுப் பேச்சு வரும். உடனே சிலப்பதிகார வாடை அடிக்கும், பழைய உரையாசிரியர்களின் நடை கிண்டலாக வரும். அப்புறம் மதுரைத் தெருவின் நினைவு. யார் பேசுகிறார் என்று சொல்லாமல் பேச்சு மட்டும் ஓடும். பர்மியப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழும் கடைத்தெருவில் பர்மியமும் கொஞ்சம் இந்தியும் பேசும் நமக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. வாய்விட்டுப் படியுங்கள். தெரியாத சொல்லைக் கடந்து போய்விடுங்கள், அடுத்த பக்கத்தில் அது தானாக விளங்கும்.

ஒப்பிட டால்ஸ்டாயை எடுக்கலாம். இரண்டிலும் ஒரு நாவலுக்குள் பல மொழிகள். அங்கே பிரெஞ்சு மேல்தட்டின் அடையாளம். இங்கே கலப்பு மொழி, கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களின் வாழ்க்கையே.

பழந்தமிழ்ப் போர்ப்பாடல்களைச் சேர்க்கலாமா? அவை நாவல் இல்லையே.

நாவல் இல்லைதான், ஆனால் அளவுகோலாகப் பயன்படும். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும்போது "எடுமெடு மெடுமென வெடுத்ததோர் இகலொலி" என்று சந்தமே படையாக ஓடும். போரைச் செவியால் எழுதுவது என்றால் என்ன என்பதற்கு அதைக் காட்டலாம். அங்கே சாவு வெற்றிக் கொண்டாட்டம். களத்தில் பேய்கள் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன.

இதைவிட ஆழமான ஒப்பீடு புறநானூற்றில் இருக்கிறது. 278ஆம் பாட்டில், காக்கைப்பாடினியார் நச்செள்ளையார் பாடியது, மகன் புறமுதுகு காட்டி இறந்தான் என்று கேட்ட முதிய தாய் வாளோடு களத்துக்கே போகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்று முடிகிறது பாட்டு. ரெமார்க்கின் நாவலிலும் ஒரு தாய் கேட்கிறாள். பால் விடுமுறையில் ஊருக்கு வந்து, இறந்துபோன நண்பன் கெம்மெரிக்கின் அம்மாவைப் பார்க்கிறான். என் மகன் எப்படி இறந்தான் என்று அவள் விடாமல் கேட்கிறாள். உடனே இறந்துவிட்டான், வலியே இல்லை என்று இவன் சத்தியம் செய்கிறான். உண்மையில் கெம்மெரிக் கால் எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் மெல்ல மெல்ல இறந்தவன்.

இரண்டு தாய்களும் கேட்பது ஒன்றுதான். ஒருத்தி தன் கண்ணால் உண்மையைத் தேடிப் போகிறாள், அவளுக்கு மொழி கொடுப்பது வீரத்தைப் போற்றும் சமூகம். இன்னொருத்திக்கு உண்மையே கிடைப்பதில்லை. அவளைச் சுற்றியிருக்கும் பெரிய சொற்களெல்லாம் செத்துவிட்டன, மிச்சமிருப்பது இரக்கத்தில் சொன்ன பொய். இந்த இடத்தைப் படிக்கும்போது வகுப்பில் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். எனக்கும் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

பர்மிய நாவலோடு ஒப்பிட்டால் மதிப்பெண் குறையுமா?

பாடத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டு உங்கள் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மூன்று மொழி தெரிந்த மாணவர் அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது. மவுங் டின் 1947இல் எழுதிய 'ங பா' ஜப்பான் காலத்தில் சிக்கிய ஒரு விவசாயியின் கதை. ரெமார்க்கின் படைவீரன் போருக்குள் போனவன், இந்த விவசாயி போர் தன் வயலுக்குள் வந்தவன். குரலின் தூரம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

பர்மியத்திலும் தமிழைப் போலவே எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு. வாக்கியம் எழுத்து நடையின் 'தி' என்று முடிகிறதா, பேச்சு நடையின் 'தெ' என்று முடிகிறதா என்பதிலேயே தெரிந்துவிடும். 1960களின் நடுவில் மாண்டலே எழுத்தாளர்கள், உரைநடையையே பேச்சு நடையில் எழுத வேண்டும் என்று வாதாடினார்கள். நம் தமிழ் நாவல்களில் விவரணை எழுத்து நடையிலும் உரையாடல் பேச்சு நடையிலும் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். படைத்தலைவன் எந்த நடையில் பேசுகிறான், கூலி எந்த நடையில் பேசுகிறான் என்று இரண்டு மொழியிலும் பார்த்து எழுதினால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரால் எழுதவே முடியாத ஒரு பத்தி உங்களுக்குக் கிடைக்கும்.

வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணத்தை எடுக்கலாமா? தாத்தா பாட்டி சொன்னதையும்?

சர்மா இங்கே ரங்கோனில் இருந்து 'ஜோதி' பத்திரிகை நடத்தியவர். 1941 டிசம்பர் 23இல் ரங்கோன் மேல் குண்டு விழுந்த பிறகு இந்தியாவை நோக்கிக் கிளம்பிய சுமார் ஐந்து லட்சம் பேரில் அவரும் ஒருவர். அவர் எழுதியது அனுபவ நூல், நாவல் அல்ல. ஒப்பீட்டில் துணையாக வையுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்பவர் எங்கே நிறுத்துகிறார், நாவலாசிரியர் எங்கே தொடர்கிறார் என்று பார்க்க உதவும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ஜப்பான் காலத்தைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வரிசையை மாற்றாமல், அவர்கள் பேசுகிறபடியே எழுதி வையுங்கள். கட்டுரைக்கு வராவிட்டாலும் அந்த நோட்டு வீட்டில் இருக்கட்டும்.

படம் பார்த்து எழுதலாமா?

கூடாது. 'குவாய் நதிப் பாலம்' படத்தில் பாலம் வெடித்துச் சிதறும், நாவலில் பாலம் தப்பிவிடும். ஒரே வரியில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெளியில் இப்போது நடப்பதையும் சேர்த்து எழுதலாமா?

இதைக் கேட்காத பிள்ளை இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். 2021க்குப் பிறகு இந்த நாட்டில் போர் என்பது பாடப்புத்தகச் சொல் இல்லை. ஆனாலும் உங்கள் பெயர் எழுதிய தாளில் அது வேண்டாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். உங்கள் பாதுகாப்புதான் முதலில். படிக்கும்போது மனசு தாங்கவில்லை என்றால் அந்த அத்தியாயத்தை மூடிவிட்டு வேறு காட்சியை எடுங்கள். ஓய்வு, சாப்பாடு, கடிதம் என்று சண்டை இல்லாத பக்கங்கள் எல்லாப் போர் நாவலிலும் உண்டு, ஒப்பிட அவையும் அருமையானவை.

தொடங்க ஒரு மாதிரிப் பத்தி தருவீர்களா?

இதைப் பாருங்கள், நகல் எடுக்க வேண்டாம்:

"ரெமார்க்கும் ஹெமிங்வேயும் தங்கள் நாவல்களைச் சண்டையில் தொடங்கவில்லை. ரெமார்க் உணவு வரிசையில் தொடங்குகிறார், ஹெமிங்வே ஒரு வீட்டின் முன் கடந்துபோகும் படையில் தொடங்குகிறார். ரெமார்க்கின் 'நாங்கள்' வரிசைக்குள் நிற்கிறது, அதனால் அதற்குப் பசியும் கணக்கும் தெரியும். ஹெமிங்வேயின் 'நாங்கள்' வீட்டிலிருந்து சாலையைப் பார்க்கிறது, அதனால் தூசியும் இலையும் தெரிகின்றன, நடப்பவர்களின் முகம் தெரிவதில்லை."

இந்த நான்கு வாக்கியத்தில் பாராட்டு எதுவும் இல்லை, கவனித்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் நாவலில் ஆதாரம் காட்ட முடியும்.

எழுதி முடித்தபின் எதைத் திருத்துவது?

"எளிய நடை", "அருமையான நடை", "உணர்ச்சிகரமான நடை" என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் நாவலிலிருந்து ஒரு வரி, அந்த வரியில் யார் நிற்கிறார் என்று ஒரு வாக்கியம். மேற்கோள் நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். அப்புறம் இரண்டு நாவலுக்கும் மாறி மாறி இடம் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் பாதி முழுக்க ஒன்று, இரண்டாம் பாதி முழுக்க மற்றொன்று என்று இருந்தால் பத்திகளை வெட்டிக் கலந்து எழுதுங்கள். தமிழில் எழுதுபவர்கள் சந்திப்பிழை பற்றிப் பயந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.